பேரேடு எழுதாத பெயர்

உங்கள் தந்தையின் பெயர் உங்களுக்குத் தெரியும். பாட்டனார் பெயரும் தெரியும். பாட்டனாரின் தந்தையான பூட்டனார் பெயரைக் கேட்டால் சற்று யோசிப்பீர்கள். அவருக்கும் முந்தியவரான ஓட்டனாரைப் பற்றிக் கேட்டால் நம்மில் பெரும்பாலோர் கையை விரித்துவிடுவோம். அதற்கும் அப்பால் போக வேண்டுமானால் நெடுங்காலமாக இரண்டே வழிகள்தாம் இருந்தன. ஒன்று, வீட்டுப் பெரியவர்கள் வழிவழியாகச் சொல்லி வந்த சொல். மற்றொன்று, யாரோ என்றோ எழுதி வைத்த ஏடு.

சொல்லும் ஏடும் ஒன்றுக்கொன்று ஒத்துப் போனால் தொல்லை இல்லை. சொல் ஒன்று கூற, ஏடு வாய் திறவாமல் இருந்தால் என் செய்வது? எதை நம்புவது?

அமெரிக்க நாட்டில் ஒரு குடும்பம் ஏறத்தாழ இருநூறு ஆண்டுக் காலம் இக்கேள்வியோடு வாழ்ந்தது. அந்நாடு ஆங்கிலேயரின் குடியேற்றமாக இருந்த காலத்தில், 1735-ஆம் ஆண்டை ஒட்டி, வர்ஜீனியாவில் எலிசபெத் ஹெமிங்ஸ் என்னும் பெண் பிறந்தாள். அவள் ஓர் அடிமை. அவளுடைய வழிவந்தோர் தங்கள் முன்னோரைத் தேடிய கதை, வரலாற்றுக் கலையும் உயிரியலும் கைகோத்த ஓர் அரிய கதையாகும். அதையே இங்குக் காண்போம்.

பெரிய மனிதரின் குடும்ப மரம்

இக்கதையில் வரும் மற்றொரு குடும்பம் உலகறிந்தது. தாமஸ் ஜெஃபர்சன் அமெரிக்காவின் மூன்றாவது குடியரசுத் தலைவர். மனிதர் யாவரும் சமம் என்னும் கொள்கையை 1776-ஆம் ஆண்டின் சுதந்திரப் பிரகடனத்தில் வடித்தவர். அவரே தம் வாழ்நாளில் அறுநூறுக்கும் மேற்பட்ட அடிமைகளை உடைமையாக வைத்திருந்தார் என்பதும் வரலாறு. வர்ஜீனியாவில் மாண்டிசெல்லோ என்ற குன்றின்மீது அவருடைய மாளிகை இன்றும் நிற்கிறது.

ஜெஃபர்சன் பிறந்த நாளைக் குறிப்பதிலேயே ஒரு சிக்கல் உண்டு. பிறந்தபோது எழுதிய கணக்குப்படி 1743 ஏப்ரல் 2. இன்றைய கணக்குப்படி ஏப்ரல் 13. எப்படி? ஆங்கிலேய அரசு 1752 வரை பழைய ஜூலியன் நாள்காட்டியையே பின்பற்றி வந்தது. அவ்வாண்டு புதிய நாள்காட்டிக்கு மாறியபோது செப்டம்பர் மாதத்தில் 11 நாட்களை ஒரேயடியாகத் தள்ளிவிட்டார்கள். அதுவரை ஆண்டுப் பிறப்பும் சனவரி முதல் நாளன்று. மார்ச் 25-ஆம் நாளே. எனவே குடியேற்றக் கால அமெரிக்க ஏடுகளில் பிப்ரவரி மாதத் தேதி ஒன்றைக் கண்டால், அது எந்த ஆண்டுக்கு உரியது என்று இருமுறை எண்ணிப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும். அன்றேல் தந்தைக்கு முன் மகன் பிறந்த விந்தையெல்லாம் நேரும்!

இனி, ஜெஃபர்சனின் மூதாதையர் எங்கிருந்து வந்தனர்? அவர் தமது 77-ஆம் வயதில், 1821-இல், தன் வரலாறு எழுதத் தொடங்கினார். தந்தை வழி முன்னோர் வேல்ஸ் நாட்டில் ஸ்னோடன் மலைக்கு அருகிலிருந்து வந்ததாகக் குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு என்று அதன் தொடக்கத்திலேயே குறித்தார். அதற்கு ஆவணம் எதையும் அவர் காட்டவில்லை. ஆயினும் பின்வந்த நூலாசிரியர்கள் பலரும் அதை மரியாதையோடு எடுத்தெழுதினர். பெரிய மனிதர் சொன்ன வாய்மொழி அன்றோ! இதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் பயன்படும்.

தாயின் நிலையே சேயின் நிலை

எலிசபெத் ஹெமிங்ஸின் வரலாற்றுக்கு வருவோம். ஆங்கிலேயச் சட்டப்படி பிள்ளை தந்தையைச் சேர்ந்தது; தந்தையின் பெயரும் நிலையும் பிள்ளைக்கு வரும். ஆனால் 1662-ஆம் ஆண்டில் வர்ஜீனியா சட்டசபை இதைத் தலைகீழாக மாற்றிற்று. தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை. தாய் சுதந்திரமானவள் ஆனால் பிள்ளையும் அவ்வாறே என்று சட்டம் செய்தது. இதன் விளைவு யாது? அடிமைப் பெண்ணுக்கும் அவளுடைய எசமானருக்கும் பிறந்த பிள்ளை எசமானரின் மகனாக ஏட்டில் ஏறுவதில்லை. அவருடைய ஆடு மாடுகளோடு உடைமைப் பட்டியலில் ஏறியது. தந்தையின் பெயரை எழுத வேண்டிய தேவையே சட்டத்துக்கு இல்லாமற் போயிற்று.

எலிசபெத்தின் தந்தை ஹெமிங்ஸ் என்னும் ஆங்கிலக் கப்பல் தலைவர். தாய் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட பெண் என்பது குடும்பத்தாரின் சொல். குழந்தை பிறந்ததும் கப்பல் தலைவர் அதை விலைக்கு வாங்க முயன்றாராம். எசமானர் மறுத்துவிட்டாராம். கலப்பினக் குழந்தை எப்படி வளர்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது எசமானரின் ஆசையாம். கப்பல் தலைவர் குழந்தையைத் தூக்கிச் செல்லத் திட்டமிட, செய்தி கசிந்துவிட்டது. தாயையும் சேயையும் மாளிகைக்குள் கொண்டுபோய் வைத்துக் காத்தார்கள். கப்பல் புறப்பட்டுச் சென்றது.

அந்த எசமானர் ஜான் வெயில்ஸ் என்று குடும்பத்தார் சொல்லி வந்தனர். ஆனால் ஏடுகளைப் பார்த்தால் எலிசபெத் முதலில் எப்ஸ் என்ற குடும்பத்தின் உடைமையாக இருந்தாள். 1746-இல் அக்குடும்பத்து மகளை ஜான் வெயில்ஸ் மணந்தபோதுதான் சீர்வரிசையோடு அவளும் வெயில்ஸ் வீட்டுக்கு வந்தாள். பாருங்கள், வாய்மொழி நிகழ்ச்சியைக் காத்தது. ஆளின் பெயரை மாற்றிவிட்டது. நீண்ட காலம் வாயில் உருளும் சொல்லுக்கு இத்தகைய தேய்மானம் இயல்பே.

ஜான் வெயில்ஸ் மூன்று மனைவியரையும் இழந்தபின் எலிசபெத்துக்கு அவர் வழியாக ஆறு பிள்ளைகள் பிறந்தனர் என்பதும் குடும்பத்தின் கூற்று. அவர்களுள் கடைசிப் பெண் சாலி ஹெமிங்ஸ் 1773-இல் பிறந்தாள். அதே ஆண்டில் வெயில்ஸ் இறந்தார். அவருக்கு முறைப்படிப் பிறந்த மகள் மார்த்தாவைத் தாமஸ் ஜெஃபர்சன் 1772 சனவரி முதல் நாளன்று மணந்திருந்தார். ஆகவே மாமனாரின் சொத்தில் மருமகனுக்குப் பங்கு வந்தது. நிலத்தோடும் கடனோடும் 135 அடிமைகளும் வந்தனர். அவர்களோடு எலிசபெத்தும் அவள் பிள்ளைகளும் மாண்டிசெல்லோவுக்கு வந்து சேர்ந்தனர். நம் முறையில் சொல்வதானால், கைக்குழந்தையான சாலி ஜெஃபர்சனுக்குக் கொழுந்தியாள். ஏட்டின் முறையில் அவள் ஓர் உடைமை.

பேரேடு சொன்னதும் சொல்லாததும்

ஜெஃபர்சன் எதையும் எழுதி வைக்கும் பழக்கம் உடையவர். 1774 முதல் பண்ணைப் பேரேடு ஒன்றை வைத்து வந்தார். எந்த அடிமைக்கு எத்தனை முழம் துணி, எத்தனை மீன், யாருக்குக் கம்பளி, எந்தப் பெண்ணுக்கு என்று குழந்தை பிறந்தது என்பனவெல்லாம் அவர் கைப்படவே அதில் உள்ளன. 1953-இல் அது நூலாக அச்சேறியது.

ஜெஃபர்சனின் மனைவி 1782-இல் இறந்தார். 1784-இல் அவர் அமெரிக்கத் தூதராகப் பாரிசுக்குச் சென்றார். 1787-இல் அவருடைய இளைய மகளுக்குத் துணையாகச் சாலி பாரிசுக்கு அனுப்பப்பட்டாள். அப்போது அவளுக்கு வயது 14. 1789-இல் எல்லோரும் திரும்பினர். அதன்பின் பேரேட்டில் சாலியின் பிள்ளைகள் வருகின்றனர். 1795-இல் ஹேரியட், அக்குழந்தை இரண்டு ஆண்டில் இறந்தது. 1798-இல் பெவர்லி என்ற ஆண் குழந்தை. 1799-இல் ஒரு பெண் குழந்தை; அதுவும் நிலைக்கவில்லை. 1801-இல் மீண்டும் ஹேரியட் என்ற பெயரிலேயே ஒரு பெண். 1805-இல் மேடிசன். 1808-இல் எஸ்டன். தாயின் பெயர் இருக்கிறது. பிறந்த காலம் இருக்கிறது. தந்தை பெயர் இல்லை.

ஊர் வாயை யார் மூட முடியும்? 1802 செப்டம்பரில் ஜேம்ஸ் காலெண்டர் என்னும் பத்திரிகையாளர் ரிச்மண்ட் நகரச் செய்தித்தாள் ஒன்றில், குடியரசுத் தலைவருக்கும் சாலிக்கும் பிள்ளைகள் உண்டு என்று வெளிப்படையாக எழுதினார். அவர் ஜெஃபர்சனிடம் பதவி கேட்டுக் கிடைக்காமற் பகை கொண்டவர். ஜெஃபர்சன் பொதுமக்கள் முன்னிலையில் அதற்கு மறுமொழி கூறவே இல்லை.

1822-ஐ ஒட்டிப் பெவர்லியும் ஹேரியட்டும் மாண்டிசெல்லோவை விட்டு நீங்கினர். ஓடிப்போனதாகப் பேரேட்டில் குறிப்பு உள்ளது. ஆனால் அவர்களைத் தேட ஆள் அனுப்பவில்லை. ஹேரியட்டுக்கு வண்டிக் கட்டணமும் 50 டாலரும் தாமே கொடுத்ததாகப் பண்ணைக் கண்காணிப்பாளர் பிற்காலத்தில் கூறினார். ஜெஃபர்சன் 1826 ஜூலை 4-இல் மறைந்தார். அவருடைய உயிலில் ஐந்தே ஐந்து அடிமைகளுக்கு விடுதலை கிடைத்தது. அவர்களுள் மேடிசனும் எஸ்டனும் இருவர். 1827 சனவரியில் மற்றவர்களுள் 130 பேர் ஏலத்துக்கு விடப்பட்டனர்.

சாலி தன் இரு மக்களோடு அருகிலுள்ள சார்லட்ஸ்வில் ஊரில் வாழ்ந்து 1835-இல் காலமானாள். இங்கே ஏடுகளின் விசித்திரம் ஒன்றைக் கூற வேண்டும். 1830-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் அக்குடும்பத்தார் வெள்ளையர் எனப் பதிவாயினர். 1833-இல் எடுத்த தனிக்கணக்கில் கலப்பினத்தார் எனப் பதிவாயினர். மூன்று ஆண்டுகளில் அவர்களுடைய தோல் மாறவில்லை. எழுதுகோல் பிடித்த கை மாறியது!

குடிக்கணக்கின் இருட்டு

அமெரிக்காவில் முதல் குடிக்கணக்கு எடுத்தது 1790-இல். அதிலிருந்து 1840 வரை குடும்பத் தலைவர் பெயரை மட்டுமே எழுதினர். 1850-இல்தான் சுதந்திரமான மக்கள் அனைவர் பெயரும் ஏறின. அடிமைகளுக்கு 1850-இலும் 1860-இலும் தனிப் பட்டியல் உண்டு. அதில் எசமானர் பெயர் இருக்கும். அதன்கீழ் வயது, ஆணா பெண்ணா, நிறம் என்ற விவரங்கள் இருக்கும். அடிமையின் பெயருக்கு இடம் இல்லை. 1865-இல் அடிமை முறை ஒழிந்தபின், 1870-ஆம் ஆண்டுக் கணக்கில்தான் விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் முதன்முறையாகப் பெயரோடு தோன்றினர். முன்னோரைத் தேடும் கறுப்பின அமெரிக்கர்களுக்கு 1870 என்ற ஆண்டு ஒரு பெருஞ்சுவர் போல் குறுக்கே நிற்கிறது. அச்சுவரைத் தாண்ட வேண்டுமானால் எசமானர்களின் உயில், விற்பனைப் பத்திரம், கடன் கணக்கு, பண்ணைக் கணக்கு ஆகியவற்றைப் புரட்ட வேண்டும். தம் மூதாட்டியை அறிய அவளை விற்றவரின் வரலாற்றைப் படிக்க வேண்டிய நிலை!

அந்த 1870 கணக்கிலேயே நமக்கு ஒரு புதையல் கிடைக்கிறது. மேடிசன் ஹெமிங்ஸ் அப்போது ஓஹையோ மாநிலத்தில் குடியிருந்தார். தச்சு வேலை செய்து, நிலம் வாங்கி, குடும்பம் நடத்தி வந்தார். அவருடைய பெயருக்கு அருகில் கணக்கெடுக்க வந்தவர், இவர் தாமஸ் ஜெஃபர்சனின் மகன் என்று ஒரு குறிப்பை எழுதிவிட்டுப் போனார்.

மகனின் வாக்குமூலம்

மூன்று ஆண்டு கழித்து, 1873 மார்ச் மாதத்தில், ஓஹையோவின் உள்ளூர்ச் செய்தித்தாள் ஒன்றில் மேடிசன் தம் வாழ்க்கையை விரிவாகச் சொன்னார். நாம் மேலே கண்ட கப்பல் தலைவர் கதை அதில்தான் உள்ளது. பாரிசில் தம் தாய் சுதந்திரம் கோரியிருக்கலாம். அவள் திரும்பி வர மறுத்தாள். அவளுக்குப் பிறக்கும் பிள்ளைகளை 21 வயதில் விடுவிப்பதாக ஜெஃபர்சன் வாக்களித்தபின்னரே வந்தாள் என்று அவர் கூறினார். தம் தந்தை பேரப்பிள்ளைகளிடம் கொஞ்சுவார். தங்களிடம் அவ்வாறு நடந்ததில்லை என்றும் வருத்தமின்றிச் சொன்னார்.

தங்கை முறையல்ல, தமக்கையான ஹேரியட்டைப் பற்றி அவர் சொன்னது நெஞ்சைத் தொடுவது. அவள் வாஷிங்டனில் வெள்ளையர் ஒருவரை மணந்து வெள்ளையர் சமூகத்தில் கலந்துவிட்டாள். கணவரின் பெயர் தமக்குத் தெரியும் என்றும், காரணம் கருதி அதைச் சொல்லப் போவதில்லை என்றும் மேடிசன் கூறிவிட்டார். அந்த வாய்ப்பூட்டு இன்றளவும் திறக்கவில்லை. ஹேரியட்டின் வழிவந்தோர் யார் என்பது உலகுக்குத் தெரியாது.

கடைசித் தம்பி எஸ்டன் நல்ல இசைக் கலைஞர். 1852-இல் அவர் விஸ்கான்சின் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்து, தம் பெயரின் ஈற்றில் ஜெஃபர்சன் என்று சேர்த்துக்கொண்டு, வெள்ளையராகவே வாழத் தொடங்கினார். அவருடைய மகன் உள்நாட்டுப் போரில் படைத்தலைவராகப் பணிபுரிந்தார். அம்மகனின் பெயர் என்ன தெரியுமா? ஜான் வெயில்ஸ் ஜெஃபர்சன். பாட்டி சாலியின் தந்தை பெயர்! முன்னோர் பெயரைப் பிள்ளைக்கு இடும் வழக்கம் நமக்குப் புதிதன்று. குடும்ப வரலாற்றைத் துருவுவோர் இத்தகைய பெயர்களை ஊமைச் சாட்சிகள் என்றே மதிப்பர்.

எதிர்த்தரப்பு

ஜெஃபர்சனின் முறையான பேரப்பிள்ளைகள் இதை மறுத்தனர். பேரன் தாமஸ் ஜெஃபர்சன் ராண்டால்ஃப், சாலியின் பிள்ளைகளுக்குத் தந்தை பீட்டர் கார் என்று ஒரு நூலாசிரியரிடம் கூறினார். பேத்தி எலென் கூலிட்ஜ் 1858-இல் எழுதிய கடிதத்தில் சாமுவேல் கார் என்று குறிப்பிட்டார். பீட்டரும் சாமுவேலும் உடன்பிறந்தோர். ஜெஃபர்சனின் சகோதரி மக்கள். பேரனும் பேத்தியும் வெவ்வேறு ஆளைச் சுட்டியதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. நூறு ஆண்டுக்கும் மேலாக வரலாற்று அறிஞர்களிற் பெரும்பாலோர் கார் சகோதரர் கதையையே ஏற்றனர். மேடிசனின் வாக்குமூலம் அடிமை ஒருவரின் வீண்பெருமை என்று ஒதுக்கப்பட்டது.

மாற்றம் மெல்ல வந்தது. ஜெஃபர்சன் எந்த நாளில் எந்த ஊரில் இருந்தார் என்று டூமாஸ் மலோன் என்ற அறிஞர் தம் பெருநூலுக்காக வரிசைப்படுத்தியிருந்தார். அவர் சாலியின் கதையை நம்பாதவர். அந்தக் கால வரிசையைப் பேரேட்டிலுள்ள பிறந்த தேதிகளோடு பொருத்திப் பார்த்த விந்த்ராப் ஜோர்டன் என்ற வரலாற்றாசிரியர், 1968-இல் ஓர் உண்மையைச் சுட்டிக் காட்டினார். சாலி கருவுற்ற ஒவ்வொரு முறையும் ஜெஃபர்சன் மாண்டிசெல்லோவில் இருந்தார். பதவியின் காரணமாக அவர் மாதக்கணக்கில் வெளியூரில் இருந்த காலங்களில் அவள் ஒருமுறையும் கருவுற்றதில்லை. 1997-இல் அனெட் கார்டன்-ரீட் என்ற சட்டப் பேராசிரியை ஒரு நூல் எழுதினார். வெள்ளையர் சாட்சியத்துக்கு ஓர் அளவுகோலும் கறுப்பினத்தார் சாட்சியத்துக்கு வேறோர் அளவுகோலும் வைத்து அறிஞர்கள் தீர்ப்பு வழங்கி வந்ததை அதில் வரிவரியாக எடுத்துக் காட்டினார்.

குருதியின் சாட்சியம்

அடுத்த ஆண்டே உயிரியல் சாட்சிக் கூண்டில் ஏறிற்று. அதைப் புரிந்துகொள்ளச் சிறிது விளக்கம் தேவை.

நம் உயிரணு ஒவ்வொன்றிலும் 23 இணைக் குரோமோசோம்கள் உள்ளன. ஒவ்வோர் இணையிலும் ஒன்று தந்தை தந்தது. மற்றது தாய் தந்தது. தலைமுறைதோறும் இவை சீட்டுக்கட்டைக் கலைப்பது போல் கலைந்து பிள்ளைக்குப் போகின்றன. ஆனால் ஆண்களிடம் மட்டும் உள்ள ஒய் குரோமோசோமின் பெரும்பகுதி இந்தக் கலைப்பில் சேர்வதில்லை. தந்தையிடமிருந்து மகனுக்கு, அவனிடமிருந்து அவன் மகனுக்கு என்று ஏறக்குறைய அப்படியே இறங்கி வருகிறது. எப்போதாவது ஒரு சிறு பிழை நேரும். ஓலைச் சுவடியைப் பெயர்த்தெழுதுவோர் ஓரெழுத்தை மாற்றிவிடுவதுண்டு அல்லவா? அந்தப் பிழை அதன்பின் எடுத்த படிகளிலெல்லாம் தொடரும். இரு சுவடிகளில் ஒரே பிழைகள் வரிசையாக இருந்தால் இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்று பதிப்பாசிரியர் முடிவு செய்வார். உயிரியலாரின் முறையும் அதுவே.

யூஜீன் ஃபாஸ்டர் என்னும் ஓய்வுபெற்ற மருத்துவர் இம்முயற்சியில் இறங்கினார். முதலில் ஒரு தடை. ஜெஃபர்சனுக்கும் மார்த்தாவுக்கும் பிறந்த ஒரே ஆண் குழந்தை 1777-இல் சில வாரங்களிலேயே இறந்துவிட்டது. அப்படியானால் அவருடைய ஒய் குரோமோசோமுக்கு எங்கே போவது? ஜெஃபர்சனின் பெரியப்பா ஃபீல்டு ஜெஃபர்சனின் ஆண்வழி தொடர்ந்து வந்திருந்தது. பாட்டனார் ஒருவரே ஆகையால் இரு கிளைகளிலும் ஒரே ஒய் குரோமோசோம் இருக்க வேண்டும். அவ்வழியில் வந்த ஐவர் இரத்தம் கொடுத்தனர். கார் சகோதரர்களின் நிலை வேறு. அவர்கள் ஜெஃபர்சனுக்குச் சகோதரி மக்கள். சகோதரியிடம் ஒய் குரோமோசோம் இல்லை. ஆதலால் அவர்களுடையது அவர்கள் தந்தை வழி வந்ததே. அவர்கள் பாட்டனாரின் ஆண்வழி வந்த மூவர் இரத்தம் கொடுத்தனர். எஸ்டனின் ஆண்வழியில் ஒருவர் கிடைத்தார். இவர்களோடு தாமஸ் உட்சன் என்பவரின் வழிவந்த ஐவரும் சேர்ந்தனர். சாலியின் முதல் மகன் உட்சன்தான் என்பது அக்குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக வந்த நம்பிக்கை. ஆக மொத்தம் 14 பேர்.

ஒய் குரோமோசோமில் 19 இடங்களிலுள்ள அடையாளங்களை ஒப்பிட்டனர். முடிவு 1998 நவம்பர் 5-ஆம் நாள் 'நேச்சர்' என்ற அறிவியல் இதழில் வெளியாயிற்று. எஸ்டனின் வழிவந்தவரின் அடையாளங்கள் ஜெஃபர்சன் குடும்பத்து அடையாளங்களோடு முற்றிலும் பொருந்தின. கார் குடும்பத்தோடு பொருந்தவே இல்லை. நூற்றாண்டுக் காலம் நம்பப்பட்டு வந்த கதை, எஸ்டனைப் பொறுத்தவரை, ஒரே நாளில் சரிந்தது.

எஸ்டன் குடும்பத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. வெள்ளையராகிவிட்ட அக்குடும்பத்தார் தங்கள் பிள்ளைகளிடம், நாம் ஜெஃபர்சனின் உறவினர் ஒருவர் வழி வந்தவர்கள் என்று மாற்றிச் சொல்லி வந்தனர். 1974-இல் ஃபான் புரோடி எழுதிய ஜெஃபர்சன் வரலாற்று நூலில் எஸ்டன் என்ற பெயரைக் கண்ட பிறகே அவர்களுக்குத் தங்கள் மூதாட்டி ஓர் அடிமை என்பது தெரிய வந்தது.

உட்சன் குடும்பத்துக்குக் கிடைத்தது ஏமாற்றம். அவர்களுடைய அடையாளங்கள் ஜெஃபர்சன் வழியோடு பொருந்தவில்லை. எனவே வாய்மொழி எல்லாம் மெய் என்றும் கொள்ளலாகாது. ஒரு குடும்பத்தின் சொல்லைத் தாங்கிய அதே சோதனை, மற்றொரு குடும்பத்தின் சொல்லைக் கைவிட்டது.

சோதனை எதைச் சொல்லவில்லை?

அறிவியல் வாசகர்களாகிய நாம் இங்கே சற்று நிதானிக்க வேண்டும். இச்சோதனை தாமஸ் ஜெஃபர்சன்தான் தந்தை என்று சொன்னதா? இல்லை. எஸ்டனின் தந்தை ஜெஃபர்சன் ஆண்வழியைச் சேர்ந்தவர் என்று மட்டுமே சொன்னது. அவருடைய தம்பி ராண்டால்ஃப், தம்பியின் மக்கள் ஆகியோருக்கும் அதே குரோமோசோம்தானே! 'நேச்சர்' இதழ் கட்டுரைக்குக் கொடுத்த தலைப்பு இந்த எல்லையைத் தாண்டிவிட்டது. சில வாரங்களில் ஃபாஸ்டரே அவ்வெல்லையை ஒப்புக்கொண்டு விளக்கம் எழுதினார்.

அவ்வாறாயின் முடிவு எப்படி வந்தது? குருதியின் சாட்சியத்தைத் தனியே நிறுத்தாமல் மற்றச் சாட்சிகளோடு சேர்த்துப் பார்த்தனர். கருவுற்ற காலங்களில் எல்லாம் ஜெஃபர்சன் அங்கே இருந்தது தற்செயலாக இருக்குமோ என்று மாண்டிசெல்லோவின் தொல்லியலாளர் ஃப்ரேசர் நீமன் கணிப்பொறி கொண்டு கணக்கிட்டு 2000-இல் வெளியிட்டார். தற்செயலாக அவ்வாறு அமைய நூற்றில் ஒரு பங்கே வாய்ப்பு என்பது அவர் கண்டது. சாலியின் பிள்ளைகள் மட்டும் ஒருவர் விடாமல் விடுதலை பெற்றதும், மேடிசனின் வாக்குமூலமும் இதனோடு சேர்ந்தன. மாளிகையைப் பேணும் தாமஸ் ஜெஃபர்சன் அறக்கட்டளையின் குழு, எஸ்டனுக்கு மட்டுமன்றிச் சாலியின் ஆறு பிள்ளைகளுக்குமே ஜெஃபர்சன் தந்தையாக இருத்தல் பெரிதும் கூடும் என 2000 சனவரியில் அறிவித்தது. 2001-இல் வேறோர் அறிஞர் குழு இதை மறுத்து, தம்பி ராண்டால்ஃபைச் சுட்டியது. ஆயினும் இன்று வரலாற்றாசிரியருள் பெரும்பாலோர் முதற்கருத்தையே ஏற்கின்றனர். 2018-இல் மாண்டிசெல்லோவில் சாலிக்கென ஒரு காட்சிக்கூடம் திறக்கப்பட்டது.

மேடிசனின் ஆண்வழி இன்று தொடரவில்லை. அவருடைய மகன் ஒருவரின் கல்லறையைத் தோண்டிச் சோதிக்கலாம் என்ற யோசனை எழுந்தபோது, அவ்வழிவந்தோர் அதற்கு இசையவில்லை. இருநூறு ஆண்டாகச் சொல்லி வந்தவர்கள் அவர்களே. இறந்தவரின் துயிலைக் கலைத்து நிரூபிக்க வேண்டிய கடன் அவர்களுக்கு உண்டோ?

மற்றுமோர் எல்லையையும் மறக்கலாகாது. எட்டுத் தலைமுறை மேலே போனால் உங்களுக்கு 256 முன்னோர் உண்டு. ஒய் குரோமோசோம் அவர்களுள் ஒரே ஒருவரை மட்டும் காட்டும். மகள் வழி வந்த கிளைகளைப் பற்றி அது பேசாது. ஹேரியட்டின் மக்களைப் பற்றி அதனிடம் கேட்டுப் பயனில்லை.

தொடங்கிய இடத்துக்கே வருவோம்

ஜெஃபர்சன் தம் முன்னோர் வேல்ஸ் நாட்டிலிருந்து வந்ததாகச் சொன்னாரே, அதன் கதி என்ன? அவருடைய ஒய் குரோமோசோம் ஐரோப்பாவில் அரிதானது. மேற்காசியாவிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் அதிகமாகக் காணப்படும் வகை. 2007-இல் ஜெஃபர்சன் என்ற குடும்பப் பெயருடைய 85 பிரிட்டானியரைச் சோதித்தபோது இருவரிடம் அதே வகை இருந்தது. எனவே அவர் மூதாதை பிரிட்டனிலிருந்து வந்தவர் என்று கொள்ளத் தடையில்லை. வேல்ஸ் மலையடிவாரமா என்பது இன்றும் குடும்பப் பேச்சாகவே நிற்கிறது. ஆயினும் அதைச் சொன்னதற்காக அவரை யாரும் பொய்யர் என்று கூறவில்லை. அவர் மகன் மேடிசனும் குடும்பப் பேச்சைத்தான் சொன்னார். அவரைப் பொய்யர் என்றார்கள். இருவர் சொல்லுக்கும் இடையே இருந்த வேறுபாடு சான்றில் இல்லை. சொன்னவரின் நிலையில் இருந்தது.

இதுவே இவ்வரலாறு நமக்குத் தரும் பாடம். ஏடு என்பது நடந்ததையெல்லாம் எழுதியது ஆகாது. எழுதுகோல் வைத்திருந்தவர் எழுதத் தகுந்ததென்று கருதியதே ஏடு. வாய்மொழியோ பெயரை மாற்றும், காலத்தைக் குழப்பும். ஆனாலும் ஏடு விட்டதைச் சில வேளை காக்கும். குருதியின் அடையாளம் பொய் சொல்லாது. ஆனால் கேட்ட ஒரு கேள்விக்கு மேல் விடை கூறாது. மூன்றையும் ஒரே தராசில், ஒரே படிக்கல் வைத்து நிறுத்தல் வேண்டும்.

1993 முதல் மாண்டிசெல்லோவின் ஆய்வாளர்கள், அங்கு அடிமைகளாக இருந்தோரின் வழிவந்தவர்களைத் தேடிச் சென்று அவர்கள் வீட்டுப் பேச்சைப் பதிவு செய்து வருகின்றனர். எத்தனையோ பெயர்கள் மீண்டுவிட்டன. ஆனால் எலிசபெத்தின் தாய், கடல் கடந்து கொண்டுவரப்பட்ட அந்த ஆப்பிரிக்கப் பெண், எந்த ஏட்டிலும் பெயரோடு இல்லை. குடும்பத்தின் சொல்லிலும் அவள் பெயர் தங்கவில்லை. குழந்தையைத் தூக்கிச் செல்ல வந்தவனின் பெயர் இருக்கிறது. அதைப் பெற்றவளின் பெயர் இல்லை.

வாசகர்களே, உங்கள் வீட்டில் வயது முதிர்ந்தோர் இருந்தால் இன்று மாலையே ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவர்கள் அருகே அமருங்கள். முதலில் பாட்டிமார்களின் பெயர்களைக் கேளுங்கள். ஏட்டில் இல்லாமற் போகும் பெயர்கள் பெரும்பாலும் அவர்களுடையவையே.